இழவு வீட்டில் குழி சிஸ்டர்

கோவிந்தாபுரத்துக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே குழி சிஸ்டர் அமுக்கிப் பார்க்காத கால் ஒன்று இருக்குமானால், அது கட்டிலின் காலாகத்தான் இருக்கும்.

பஞ்சாயத்திலிருந்து வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் அவர். வந்ததும் நலம் விசாரிக்க மாட்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்குவார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். அன்று அந்த வீட்டில் யாருக்கும் நல்ல பேச்சு கிடைக்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா காலடியில் சிஸ்டர் குனிந்ததும், அந்தம்மா பூரித்துப்போய், "நல்லா இரு சாமி" என்று தலையில் கைவைத்துவிட்டார். கீழேயிருந்து பதில் வந்தது: "குழி உழுகுதுங்க. மாத்திரை போடறதில்லீங்களா?"

என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். நீர் பிரிய தினமும் காலையில் மாத்திரை. போட்டால் மதியம்வரை கட்டிலுக்கும் கக்கூசுக்குமாக அலைய வேண்டும். வீட்டில் இருந்தால் அலைந்துவிடுவார். வம்பு இழவு வீட்டில்தான். எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் ஆண்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலியில், உடலை எடுக்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அழுகிற வீட்டில் போய்க் கக்கூஸ் எங்கே என்று எப்படிக் கேட்பது? அதனால் இழவுக்குப் போகிற நாளெல்லாம் அப்பா மாத்திரையை விட்டுவிடுவார். அவர் வயதுக்காரர்களுக்கோ அந்த வருடம் என்ன அவசரமோ, வாரம் தவறாமல் யாராவது போய்க்கொண்டிருந்தார்கள்.

கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத்தான் மீட்டுக் கொடுத்தார்கள். வீடு திரும்பியும் பழைய கதைதான். சிஸ்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கணுக்காலை மறைத்துக்கொள்வார்.

"ஏனுங் மாமா, வேட்டியத் தூக்குங்க."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி."

சிஸ்டரே தூக்கி அமுக்கினார். குழி.

"யாரூட்டு எழவு?"

"சம்பந்தி ஊட்டுல. போகாம இருக்க முடியுமா?"

"போங்க, ஆரு வேண்டாங்கறா? ஊட்டுக்கு வந்து மத்தியானம் போடுங்க, டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். சாயந்தரம் தாண்டிப் போட்டா ராத்திரித் தூக்கம் போயிரும். ஒரேயடியா உட்டீங்கன்னா அடுத்த பந்தல் இந்த வாசல்லதானுங்க."

சிஸ்டர் போகிற போக்கில் சமையலறைக்குள் புகுந்து, உப்பு ஆகாது என்று சொல்லி மோர்மிளகாய் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனார். அப்பா அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

சில வீடுகளில் உடலை எடுக்கவே இருட்டிவிடும். அதற்கும் சிஸ்டர் வழி பார்த்தார். அடுத்த சாவுக்கு வந்தவர் நேரே பக்கத்து வீட்டுக்குள் போனார். திரும்பி வந்து பந்தலுக்கு நடுவில் நின்றார்.

"பக்கத்தூட்டுக் கக்கூசத் தொறந்து வெக்கச் சொல்லியிருக்கறனுங்க. நீர் மாத்திரைக்காரங்க கூச்சப்படாமப் போயிட்டு வாங்க. சட்டுனு எந்திரிக்காதீங்க, கிறுகிறுன்னு வரும். மெதுவா."

உள்ளே ஒப்பாரி நின்றுபோனது. செத்தவரின் மகனுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவமானத்தில் நான் தரையைப் பார்த்தேன். ஆனால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. அப்பா மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்; பந்தலில் பாதிப்பேர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் சாவு என்றால் பந்தல், நாற்காலி, பக்கத்து வீட்டுக் கக்கூஸ் என்று ஆகிவிட்டது. அப்பா காலையிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு இழவுக்குக் கிளம்பினார். கால் வற்றியது. படுத்துத் தூங்கினார்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து குழி சிஸ்டரைக் கொண்டுபோய்விட்டது. தலை நரைக்கக்கூட இல்லை. இத்தனை கிழவர்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவரை எடுத்துக்கொண்டது என்ன நியாயம்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய இழவன்று யாரும் போய்க் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நாற்காலிகளிலிருந்து கிழவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக, சட்டென்று எழாமல், மெதுவாக எழுந்து போய் வந்தார்கள். அப்பாவும் போய் வந்தார். பிறகு சிஸ்டரின் காலடியில் போய் நின்றார். எல்லோரும் பார்க்க, வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தார்.

"பாரு அம்மிணி, காலையிலயே போட்டுட்டுத்தான் வந்தேன்."