முடி முளைத்த அலமாரி

"இவ்வளவு ஓட்டை போட்ட பலகையை என் ஜென்மத்துல பார்த்ததில்லை சார்" என்றார் மெக்கானிக், குழைத்த மக்குப் பசையைக் கட்டைவிரலால் ஓர் ஓட்டைக்குள் திணித்தபடி.

மதில் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர். யாரும் கேட்காமலே யோசனை சொல்லுவார் என்பதால், தெருவில் அவருக்கு 'யோசனை' என்றே பெயர்.

"எங்க கிடைச்சுது பலகை?"

"கொட்டகை மூலையில, சாக்கு போட்டு மூடிக் கிடந்துது. என் மச்சான் கொண்டுவந்து போட்டுட்டுப் போயிருக்கான். அவன் வீட்டுல எது மிஞ்சினாலும் இங்கதானே வரும்? போன தடவை உடைஞ்ச வாஷ்பேசின்."

"ஓட்டை போட்டவன் குடிகாரனா இருப்பான்" என்றார் யோசனை. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஆனா எல்லாம் ஒரே வரிசையா இருக்கு. ஒழுங்கான குடிகாரன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில்தான் அவர் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறார். கழற்றிய எதையும் அவர் எடுத்துவைப்பதில்லை. திருகாணி தரையில், எண்ணெய்க் குப்பி ஜன்னலில், ஊசி எங்கு வேண்டுமானாலும். போன வாரம் ஓர் ஊசி அவர் மனைவியின் குதிகாலில் இருந்தது.

டாக்டர் அதை எடுத்தார். மனைவி அதன் பிறகு கத்தவில்லை. அதுதான் மெக்கானிக்கைக் கலக்கியது. நொண்டிக்கொண்டே தம்பியோடு போனில் ரகசியம் பேசினாள். நேற்று மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"சனிக்கிழமை தம்பியோட வர்றேன். அவன் ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவான். இந்தக் கொட்டகைக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன். அதுவரைக்கும் நீங்க உள்ள எதையும் தொடாதீங்க."

ஆள் எதற்கு என்று மெக்கானிக்குக்குத் தெரியாதா? மச்சான் புதுக் கார் வாங்கியிருக்கிறான். நிறுத்த இடமில்லை. "மாமா, இந்தக் கொட்டகையில ஒரு கார் தாராளமா நிக்கும்" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறான். கொட்டகை போனால் தொழில் போச்சு. தொழில் போனால், மிச்சமிருக்கும் காலமெல்லாம் ஹாலில் உட்கார்ந்து மனைவி பார்க்கிற சீரியலைத் தானும் பார்க்க வேண்டும்.

ஒரே வழிதான். சனிக்கிழமைக்குள் ஓர் அலமாரி. சாமானெல்லாம் உள்ளே. தரை பளிச்.

ஓட்டைகளை அடைத்து முடித்ததும் பலகைமேல் இருந்த வழவழப்பைத் தேய்த்தெடுத்தார். அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. பிறகு அளந்து அறுத்தார். அளந்தது சரி. அறுத்ததுதான் கோணிக்கொண்டது. தட்டுகளை உள்ளே வைத்தார். நேராகக் கீழே போய் விழுந்தன.

"ரெண்டு பக்கமும் கட்டை அடிங்க. தட்டு அதுமேல உக்காரும்" என்றது மதில்.

அடித்தார். தட்டு உட்கார்ந்தது. ஆனால் கட்டை முன்பக்கம் துருத்திக்கொண்டு இரண்டு கதவுகளையும் மூடவிடவில்லை.

"கதவைக் கொஞ்சம் இழைச்சு விடுங்க மெக்கானிக்கு."

இழைத்தார். கொஞ்சம் இன்னும் கொஞ்சமாகி, கதவு மூடிக்கொண்டது. நடுவே மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்து விழுந்தது. யோசனை வீட்டுப் பூனை அதன் வழியாக உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்தது.

"ஒரு கதவுல பட்டை அடிச்சு அந்தச் சந்தை மறைச்சிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"சார், நீங்க இதுக்கு முன்னால அலமாரி செஞ்சிருக்கீங்களா?"

"நான் எதுக்கு செய்யணும்? கடையில வாங்குவேன்."

மெக்கானிக் கையிலிருந்த சுத்தியலை ஒரு நிமிடம் பார்த்தார். மதிலைப் பார்த்தார். பிறகு பட்டையை அடித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் தரையில் கிடந்த அத்தனையையும் பொறுக்கி உள்ளே அடுக்கினார். ஸ்பேனர், ஸ்குரு டிரைவர், எண்ணெய்க் குப்பி, மாலை வாங்கிப்போக வருவதாகச் சொன்ன டெய்லரம்மாவின் மிஷின்கூட. கதவை மூடி, மிச்சமிருந்த நீலப் பெயிண்டை மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை விடாமல் பூசினார்.

போன் அடித்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"கொட்டகையில எதையும் தொடலையே?"

"நான் ஏன் தொடப்போறேன்?"

போனை வைக்கப் பார்த்தார். அது கையை விட்டு வரவில்லை. பெயிண்ட்.

"விடியறதுக்குள்ள காயாதே சார்!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினார்.

"ஃபேன் இல்லையா வீட்டுல? வெச்சு விடுங்க, ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்."

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து முழு வேகத்தில் வைத்தார். அதற்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தது, அறுத்ததும் இழைத்ததும் தேய்த்ததுமான மரத்தூள் முழுக்க. ஒரே நொடி. கொட்டகைக்குள் புழுதிப் புயல். கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தபோது எதிரே நின்றது அலமாரியல்ல. உடம்பெல்லாம் முடி முளைத்த ஒரு நீலக் கரடி.

மதிலுக்கு மேல் யோசனையின் தலை மெல்ல இறங்கி மறைந்தது.

மாலையில் டெய்லரம்மா வந்தார். கதவு திறக்கவில்லை, பெயிண்ட் அதை ஒட்டிப் பிடித்திருந்தது. நெம்பித் திறக்க ஸ்குரு டிரைவர் வேண்டும். ஸ்குரு டிரைவர் உள்ளே இருந்தது.

"என் மிஷின் எங்க?"

"இதுக்குள்ளதாம்மா."

டெய்லரம்மா கரடியைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். "நாளைக்கு வர்றேன்" என்று இரண்டடி பின்னால் வைத்து, திரும்பி வேகமாக நடந்தார்.

சனிக்கிழமை காலை வாசலில் கார் நின்றது. மனைவி நொண்டியபடி முன்னால் வந்தாள், மச்சான் பின்னால், அவனுக்கும் பின்னால் தோளில் பையோடு ஓர் ஆள். கொட்டகையை அளவெடுக்க வந்தவனாகத்தான் இருக்கும். மெக்கானிக் கொட்டகை வாசலில் கைகளை விரித்து நின்றார். விரல்கள் நீலமாக இருந்தன.

"இங்க பாரு. தரையில ஒரு ஊசி கிடக்குதா பாரு! நானே அலமாரி செஞ்சுட்டேன். அசிங்கமா இருக்கு, ஒத்துக்கறேன். திறக்காது, அதையும் ஒத்துக்கறேன். ஆனா கொட்டகையை மட்டும் காருக்குக் குடுத்துடாதே. இதைவிட்டா எனக்கு வேற போக்கிடம் ஏது?"

"காருக்கா?" மச்சான் விழித்தான். "நான் அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன் மாமா."

மனைவியின் கண் காலியாகக் கிடந்த மூலைக்குப் போனது, பிறகு கரடிக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அவள் மெல்ல ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பையோடு வந்தவன் மூலையில் கிடந்த வெறும் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். அலமாரியிடம் வந்தான். அதன் பக்கவாட்டில் நகத்தால் முடியைச் சுரண்டினான். மக்குத் துண்டு ஒன்று பெயர்ந்து அவன் கையில் விழுந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஏங்கக்கா, சாருக்குன்னு நீங்க எங்க கடையில வாங்கின அலமாரிப் பலகைதானே இது? அரை மணி நேரத்துல கோத்து நிறுத்திக் குடுத்திருப்பேனே. திருகாணி போடறதுக்குன்னு நாங்க அளந்து போட்டு அனுப்பின ஓட்டையை எல்லாம் யாருக்கா அடைச்சது?"