காகத்துக்கும் நின்ற கார்

மண்முனைப் பாலத்தடியில், நடுவீதியில் படுத்து அசைபோட்ட எருமைக்கு அரைச்சாண் முன்னால் மஜீட் ஹாஜியாரின் கார் கிறீச்சிட்டு நின்றது. எருமை கொட்டாவி விட்டது.

“பாத்தியா ஸகியா? நான் பிரேக்கில காலே வெக்கல்ல.”

பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி கண்களை இறுக மூடி, இரு கால்களையும் ஊன்றி, ஓதிக்கொண்டிருந்தாள். கார் வாங்கிய நாளிலிருந்து வீதியில் குறுக்கே எது தெரிந்தாலும் அவள் இப்படித்தான்.

“கெமரா, சென்சர், எல்லாம் ஒட்டோமெட்டிக்” என்று தரகர் சொன்னது மஜீட்டுக்குப் பொய்யாகப் படவில்லை. மாட்டுக்கு நின்றது, ஆட்டுக்கு நின்றது, ஆரையம்பதியில் ஒரு காகத்துக்கும் நின்றது. மஜீட்டின் வலக்காலுக்கு ஓய்வூதியமே கொடுத்தாயிற்று.

ஸகியாவின் தம்பி இர்ஷாத் மட்டும் நம்பவில்லை. அவன் ஆட்டோக்காரன்.

“மெஷின் பிரேக் பிடிச்சா மனிசன்ட கால் சோம்பேறியாகிடும் மச்சான். ஒரு நாளைக்கு இது நிக்காது.”

“நிக்காட்டி காரே உனக்கு. ஏறு.”

மச்சான் முன்னால் ஏறினால் மனைவி பின்னால் போவதுதானே வழக்கம். ஸகியா பின்னால் போனாள். இர்ஷாத் முன் சீட்டில் சம்மணம் கட்டி உட்கார்ந்தான்.

பழுகாமத்துப் பாதையில் ஓர் ஆடு. கார் நிற்கவில்லை. ஆடுதான் மதில் பாய்ந்தது.

“கெமராவில தூசி.” மஜீட் இறங்கிச் சாரன் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்து கோழிகள். இறகு மழை.

“மெதுவாப் போனா சென்சருக்கு விளங்காது” என்று வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த வளைவில் ஊரிலுள்ள எருமைகளெல்லாம் நின்றன.

“பிரேக்க மிதிங்க மச்சான்!”

“பொறு, அது நிக்கும்.”

“ராத்தா, நீங்களாவது சொல்லுங்களன்!”

அக்கா ஸகியா பின்னால் ஓதிக்கொண்டிருந்தாள். கடைசி நொடியில் மஜீட் பிரேக்கைத் தேடினார். மறந்துபோன கால் அக்ஸிலேட்டரைக் கண்டுபிடித்தது. கார் எருமைகளைச் சுற்றி, கரையோரக் கண்ணாப் பற்றையைப் பிளந்து, வாவிக்குள் கப்பலாக இறங்கியது. பொனட்டில் இறால் துள்ளியது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி இர்ஷாத் கையை நீட்டினான். “சாவி.”

உழவு இயந்திரத்தால் காரை இழுத்தெடுத்த கராஜ்கார ஹில்மி, நனைந்த விரிப்பைக் காயப்போட உரித்தான். இடப்பக்கச் சீட்டின் கீழே குனிந்தவன் தலையைச் சொறிந்தான்.

“சென்சரா? ஒண்டுமில்ல ஹாஜியார். இது லேர்னர்ஸ்காரர் ஓட்டம் பழக்கின கார், பழக்கிறவருக்கு இஞ்சயும் ஒரு பிரேக் வெச்சிருக்காங்க. இவ்வளவு நாளும் இந்தச் சீட்டில ஆரு இருந்த?”