பல் மட்டும் முடிந்த படைகள்

பல்செட்காரர் அன்று காலை ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனி வீட்டில் எந்த வேலையையும் முடிப்பதில்லை.

அவசரப்பட்டு அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. தொழிலில் ஆள் புலி. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பல்செட் செய்பவர். சொன்ன நாளில் சொன்ன பல் தயாராக இருக்கும். வம்பெல்லாம் வீட்டில்தான். வீட்டில் அவர் சக்கரவர்த்தி. விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேஜைமேல் இரண்டு கட்சியாக நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவது அவருடைய பொழுதுபோக்கு. வாங்குவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெட்டுவதும் ஒழுங்காக நடக்கும். ஒட்டுவதில் பாதி ஆகும். வண்ணம் தீட்டப் போகும்போதுதான் சனி பிடிக்கும்.

ஒட்டகப் படைக்குச் சேணம் தீட்ட உட்காருவார். சேணம் என்றதும் குதிரை ஞாபகம் வரும். குதிரை இருந்தால் தேர் வேண்டாமா? தேர் இருந்தால் அது புறப்படக் கோட்டை வேண்டாமா? கோட்டைக்கு அகழி, அகழிக்கு முதலை. மறுவாரம் வீட்டு வாசலில் முதலைப் பெட்டி வந்து இறங்கும். ஒட்டகம் சேணமில்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

இப்படியே எலிமனிதர் படை, பனிமலைப் படை, மூன்று தலை நாகங்கள், இயந்திர ராட்சதர்கள், பாய்மரம் வைக்காத கொள்ளைக்காரக் கப்பல் என்று சேர்ந்துபோயிற்று. எல்லாம் அரைகுறை. ஆனால் எல்லாவற்றுக்கும் பல் மட்டும் முடிந்திருக்கும். தொழில் புத்தி எங்கே போகும்? எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார். உடம்பெல்லாம் சாம்பல் பூத்து நிற்கும் ராட்சதன், கடைவாய்ப்பல் தெரியப் பளீரென்று சிரிப்பான். அவர் வீட்டு முதலைக்கு ஒரு சொத்தைப்பல் கிடையாது.

இத்தனை படைக்கும் பாசறை, ஓரத்து அறை. அறை போதாமல் சிலர் வெளியேயும் குடியேறியிருந்தார்கள். துணி காயும் கம்பியில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு ராட்சதன் கிளிப் மாட்டித் தொங்குவான். ஃப்ரிட்ஜைத் திறந்தால் முட்டை வைக்கிற குழிகளில் எலிமனிதர்கள் இடுப்பளவு இறங்கி நிற்பார்கள். குளிரில் காய்ந்தால் வண்ணம் வெடிக்காது என்று பல்செட்காரர் கண்டுபிடித்திருந்தார்.

அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தைக்கிற லைன் ஒன்று முழுக்க அவள் கண்பார்வையில் ஓடும். வாயைத் திறந்து கத்த மாட்டாள். கத்தாமல் பேசும்போதுதான் பயமாக இருக்கும்.

அன்று காலை அவள் அப்படித்தான் பேசினாள்.

"என்னங்க."

"என்னம்மா?"

"உங்க ஆளு ஒருத்தன் என் கால்ல ஈட்டியைச் சொருகிட்டான்."

"ஐயையோ! உடைஞ்சிருச்சா?"

"இல்ல, லேசா ரத்தம்தான்."

"கால் இல்லம்மா. ஈட்டி!"

மனைவி கட்டிலில் உட்கார்ந்து ஈட்டியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். அவளுடைய தையல் மெஷின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்தது. தைக்கவேண்டுமென்றால் முழங்காலை ஒருக்களித்து, முதுகைக் கோணிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

"எனக்கு அந்த ஓரத்து ரூம் வேணும்" என்றாள்.

"எதுக்கு? தைக்கவா?"

"தைப்பேன், தைக்காமலும் இருப்பேன். நாள் பூரா காதுகிட்ட மெஷின் சத்தம். அதை எடு, இதைப் பிரி, இதைத் திரும்பத் தை. வீட்டுக்கு வந்தா கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் நான் பாட்டுக்கு உக்காரணும். வேற ஒண்ணும் கேக்கல."

பல்செட்காரருக்கு மனசு இளகியது நிஜம். ஆனால் அவரும் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துவிட்டு வருகிற மனிதர். அந்த அறைக்குள் நுழைந்தால்தான் அவருக்கு மூச்சே வரும். அறை போனால் படைகள் எங்கே போகும்? அவர் எங்கே போவார்? மூளை விறுவிறுவென்று வேலை செய்தது.

"தர்றதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா பாரு, எல்லாம் பாதி வேலையில நிக்குது. பாதி வேலையைக் கலைச்சா அப்புறம் சேராது. இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்ற காரியமும் இல்ல. அதனால நியாயமா ஒண்ணு சொல்றேன். யாருக்கு வேலை பாதியில நிக்குதோ அவங்களுக்குத்தான் அந்த ரூம்."

"வேலை முடிஞ்சா?"

"முடிஞ்ச நிமிஷம் காலி பண்ணிடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்க அந்நேரம் உள்ளே வந்தார். பல்செட்காரருடன் போர் விளையாட ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர். ஒரு படையாவது முடியட்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்.

"அண்ணே, நீங்க சாட்சி. வேலை பாதியில இருக்கிறவங்களுக்கு ரூம். முடிஞ்சா காலி. சரியா?" என்றாள் மனைவி.

"சரிதானே தங்கச்சி" என்றார் வாத்தியார், ஒன்றும் புரியாமல்.

தெருவுக்கு வந்ததும் பல்செட்காரர் வாத்தியாரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாத்தியாரே, ரூம் ஆயுசுக்கும் என்னுது!"

"எப்படி? முடிச்சா காலி பண்ணணும்ங்கறாங்களே?"

"முடிச்சாத்தானே!"

வாத்தியார் தோளை விடுவித்துக்கொண்டார். "நான் பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் போடறவன்யா. யார் முட்டப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடும். நீ முட்டப் போற."

பல்செட்காரர் கேட்கவில்லை. அன்றிலிருந்து கண்ணும் கருத்துமாக வேலையை முடிக்காமல் பார்த்துக்கொண்டார். மாலையில் ஒரு சிப்பாய்க்குத் தொப்பி தீட்டுவார். பக்கத்துச் சிப்பாயின் தொப்பியைச் சுரண்டி எடுப்பார். ஒரு நாள் தன்னை மறந்து ஒட்டகம் ஒன்றை முழுசாக முடித்துவிட்டு, பதறிப்போய் அதன் வாலை உடைத்தார். வேலை செய்வதைவிட இதில் அலுப்பு அதிகம். மனைவியோ வாசலில் நின்று பார்ப்பாள், தலையாட்டிவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். திரும்பி வந்தால் வாசல் நிறையச் செருப்பு.

கூடத்தில் சாப்பாட்டு மேஜை நடுவே இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதைச் சுற்றி மனைவியின் லைன் பெண்கள், தலையில் துணித்தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலையில் அவர்களுக்குச் சொந்தப் பேர் கிடையாது. என்ன வேலையோ அதுதான் பேர். காலர், கை, பட்டன், செக்கிங். மேஜையின் ஒரு முனையில் சாம்பல் நிறமாக ஏறிய படை, மறுமுனையில் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா நடக்குது இங்க?"

"லைன் ஓடுது" என்றாள் மனைவி.

"இது கலைம்மா! ஒவ்வொருத்தனுக்கும் ஒரு முகம் இருக்கு, ஒரு மனசு இருக்கு!"

"அண்ணா, கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள் காலர். கழுத்துக்கு மேல் எதையும் அவள் தொடவில்லை. கை என்பவள் கைகளை மட்டும் தீட்டித் தள்ளிவிட்டாள். பட்டன் ஒரு சொட்டு மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

"ஏம்மா, நாகத்துக்கு எதுக்குப் பட்டன்?"

"எல்லாத்துக்கும் வச்சாச்சு அண்ணா. இதுக்கு மட்டும் வைக்காம விட்டா மனசு கேக்கல."

கடைசியில் இருந்த செக்கிங் ஒரு நாகத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். "அக்கா, ஒரு உடம்புக்கு மூணு தலை வந்திருக்கு. ரிஜெக்ட் போடவா?"

"அது அப்படித்தான் இருக்கும்!" என்று அலறினார் பல்செட்காரர்.

"ரெண்டைப் பிரிச்சு எடுத்துட்டா ஒழுங்கா வந்துடும் அண்ணா."

பல்செட்காரர் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் சாயங்காலத்துக்குள் அறை காலி. மேஜையைச் சுற்றி மெல்ல நடந்தார். கலையை ரசிப்பதுபோல் குனிந்தார், நிமிர்ந்தார், இருமினார். பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று வாசலை நோக்கி நழுவினார்.

"செக்கிங்" என்றாள் மனைவி.

செக்கிங் எழுந்துபோய் வாசலை மறித்தாள். அவர்கள் தொழிற்சாலையில் சோதனை போடாமல் ஓர் ஊசிகூட வெளியே போகாது. "கையைத் தூக்குங்க அண்ணா."

"என் வீட்டிலயே எனக்குச் சோதனையா?"

"மேனேஜருக்கே போடறோம் அண்ணா."

சட்டைப்பையிலிருந்து எலிமனிதர்கள் இருவர் வெளிவந்தார்கள். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு முதலை. சட்டைக் கைமடிப்பிலிருந்து வால் உடைந்த ஒட்டகம். எல்லாம் மேஜைக்குத் திரும்பிப் போயின. நூலை முறுக்கி ஒட்டகத்துக்கு ஒரு வால் வைத்தாள் பட்டன். பழைய வாலைவிட நன்றாகத்தான் இருந்தது.

கடைசி அஸ்திரம் ஒன்றுதான் பாக்கி. பல்செட்காரர் ஓடிப்போய் வாத்தியாரின் காரில் ஏறினார்.

"கடைக்கு விடுங்க! புதுப் பெட்டி ஒண்ணு வேணும். வீட்டில ஒரு வேலையாவது பாதியில நின்னாகணும்!"

"சீட் பெல்ட்டைப் போடு" என்றார் வாத்தியார்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மார்போடு அணைத்த பெட்டிக்குள் ஒரு பறக்கும் நாகம், இறக்கையை விரித்தால் பூனை நீளம். வெற்றி முழக்கத்தோடு கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேஜை கொள்ளாமல், ஜன்னல் விளிம்பு, அலமாரி, டிவி மேல் என்று எங்கு பார்த்தாலும் அவருடைய படைகள். அத்தனையும் முடிந்திருந்தன. கப்பலில் பாய்மரம் ஏறியிருந்தது. ஒட்டகங்கள் சேணத்தோடு நின்றன. ஒருவன்கூட விடுபடாமல் எல்லோருக்கும் பட்டன். தன் வாழ்நாளில் ஒரு முழுப் படையை அவர் கண்ணால் பார்த்ததில்லை.  அறைக்காகச் சண்டை போட வந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லா இருக்காங்கம்மா" என்றார் மெதுவாக.

"நாலு பேர் வேலை, நல்லாத்தான் இருக்கும். ரூமைக் கூட்டித் துடைச்சாச்சு. கையில என்ன?"

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். "புது வேலை! இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வாத்தியார் சாட்சி. ரூம் இன்னும் என்னுது!"

பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி அவர்களை நிறுத்தவில்லை. பெட்டியை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள்.

"ஆரம்பிக்கவே இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப இதை நானே பண்றேன். அந்தப் பிரஷ் ஒண்ணு குடுங்க."

பல்செட்காரர் கலங்கவில்லை. பாதி வேலை இப்போது அவள் கையில், அதனால் அறையும் அவளுக்குத்தான்; ஆனால் ஒரே ஒரு நாகம்தானே. மனைவி கைகாரி, எப்படியும் ஒரு வாரத்தில் முடித்துவிடுவாள். முடித்த நிமிஷம் அவளும் காலி பண்ண வேண்டியதுதானே? அந்த நியாயம் அவளுக்கும் உண்டு. அதற்குள் அடுத்த பெட்டியைப் பிரித்து, அரைகுறையாக ஒட்டித் தயாராக வைத்துக்கொண்டு அறைக்குள் புகுந்துவிடலாம். மறுநாளே ஒரு யானைப் படை வாங்கிக் கட்டிலுக்கடியில் பதுக்கினார்.

மனைவி தினமும் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, டீயை எடுத்துக்கொண்டு ஓரத்து அறைக்குப் போவாள். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே சத்தமே வராது. என்ன ஒரு கவனம் என்று பல்செட்காரர் வியந்தார். ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. யானைகளுக்கு அவர் கட்டிலோரம், தையல் மெஷின்மேல், முதுகைக் கோணிக்கொண்டு தந்தம் தீட்டிக்கொண்டிருந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு சாயங்காலம் கதவைத் தள்ளினார்.

மனைவி நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலிமேல் நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். கையில் டீ. மேஜைமேல் பறக்கும் நாகம் ஜம்மென்று நின்றது. தலை, வால், நகம், செதில் ஒவ்வொன்றும் முடிந்திருந்தது. ஓர் இறக்கையின் நுனி மட்டும் சாம்பலாக இருந்தது. பக்கத்தில் இருந்த பிரஷ் காய்ந்து குச்சியாகக் கிடந்தது.

"என்னம்மா, நகத்தளவுதானே பாக்கி! நான் ஒரு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்."

"தொடாதீங்க."

"பின்ன நீ எப்பத்தான் முடிப்ப?"

மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

"இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்ற காரியம் இல்லங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."