ஆறு பதிமூன்றுக்குள் மன்னிக்கவும்

மன்னிப்புக் கேட்பதையே அடிதடியாக நடத்தத் தெரிந்தவர் தமிழ்நாட்டில் ஒருவர்தான். அவர் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார்.

தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று நோட்டில் குறிப்பது, மைக்கில் அறிவிப்பது, தாமதமாக வருகிற டிரைவரைத் திட்டுவது என்று அவருக்கு மூன்று வேலைகள். முதல் இரண்டுக்கும்தான் சம்பளம். மூன்றாவதைச் சேவையாகச் செய்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அவர் 'அஸ்தமனம்'.

அந்தப் பெயரின் காரணம் எனக்குத் தெரிந்தது ஒரு காலை வேளையில். எங்கள் நாளிதழின் அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது. பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"இன்னா சார் பேப்பர் போடறீங்க? நேத்து அஸ்தமனம் ஆறு பதினெட்டுன்னு போட்டிருந்தீங்க. ஃபோன்ல ஆறு பத்தொம்பது காட்டுது. ஒரு நிமிஷம் சார்! அந்த ஒரு நிமிஷத்துல நான் ரெண்டு பேராண்ட சமாதானம் பேசியிருப்பேன்."

செய்தியில் பெயரை விட்டுவிட்டதற்காகச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சூரியனுக்காக வந்தவர் இவர் ஒருவர்தான். சென்னை நேரத்துக்கும் செங்கல்பட்டு நேரத்துக்கும் அந்த அளவு வித்தியாசம் இருக்கும் என்றேன். கத்திவிட்டுப் போனார். மாலை ஆறு மணிக்கு மறுபடியும் படியேறி வந்தார்.

"காலைல கத்திட்டேன். மன்னிச்சிடு சார். சீக்கிரம்."

அவருடைய பழைய கதையை ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு கண்டக்டரின் டிக்கெட் பையைக் கூரை மேல் வீசியிருக்கிறார். மெதுவாக ஓடிய சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் அடித்து, "இப்ப கரெக்டா ஓடும்" என்றிருக்கிறார். ஒரு நாள் ஒரு டிரைவரைக் கைநீட்டி அடித்துவிட்டார். அந்த வாரம் அவர் மனைவி ரோசம்மா அவரை இழுத்துக்கொண்டு சபைக்குப் போனார். கடைசி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவரின் காதில் பாஸ்டரின் பிரசங்கத்திலிருந்து ஒரே ஒரு விஷயம் விழுந்தது: பொழுது சாய்வதற்குள் கோபம் தணிந்துவிட வேண்டும். மற்றவர்கள் அதை அறிவுரையாகக் கேட்டார்கள். இவர் டைம் கீப்பர். டைமிங்காகக் கேட்டார்.

அன்றிலிருந்து மாலை ஐந்து மணி ஆனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வெளியே வரும். அன்று திட்டியவர்களின் பெயர்கள். டீக்கடை மாஸ்டர் பெயர் தினமும் இருக்கும்.

"காலைல உன்ன தப்பா பேசிட்டேன். மன்னிச்சிடு."

"பரவால்ல, வுடு அண்ணாத்த."

"பரவால்லன்னா இன்னா அர்த்தம்? மன்னிச்சியா, மன்னிக்கலயா?"

"பால் பொங்குது. அப்பால பேசலாம்."

"அப்பாலயா? எனக்குப் பதினோரு நிமிஷம்தான் கீது. மரியாதையா மன்னிச்சிடு, இல்லன்னா நடக்கறதே வேற!"

மாஸ்டர் மன்னிப்பார். மிரட்டியதற்காக இன்னொரு மன்னிப்பு கேட்கப்படும். அதற்கும் சேர்த்துத்தான் அவர் பதினோரு நிமிடம் வைத்திருப்பார்.

திட்டு வாங்கிய டிரைவர்கள் அந்நேரம் திருக்கழுக்குன்றம் தாண்டிப் போயிருப்பார்கள். ஓட்டும்போது ஃபோன் எடுக்கக் கூடாது என்பது இவரே போட்ட விதி. அதனால் கண்டக்டரை அழைத்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பஸ் முழுக்கக் கேட்கும்படி மன்னிப்புக் கேட்பார். தினமும் அந்த வண்டியில் போகிறவர்கள், "மன்னிச்சிட்டாருப்பா!" என்று டிரைவருக்குப் பதிலாகக் கத்திவிட்டு அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போவார்கள்.

இரவு எட்டு மணிக்குக் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு முறை கேட்டேன்.

"அது அடுத்த நாள் டிரிப்பு சார். இருபத்திரெண்டு மணி நேரம் கீது."

இந்தக் கணக்கைக் கேட்டு பாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். "பிரதர், அஸ்தமனங்கிறது கடைசி பஸ். அதுக்கு முன்னாடி வர்ற பஸ்லயும் ஏறலாம்."

"டைமுக்கு முன்னாடி வண்டிய எடுத்தா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க ஐயா" என்றாராம் இவர்.

சிரித்தாலும் ஒன்றை எழுதியாக வேண்டும். சபைக்குப் போன பிறகு அவர் கை யார் மீதும் பட்டதில்லை. கோபம் ஏறும்போது வலது கையைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஜெபம் செய்வார். கை உள்ளேயே நிற்கும். வாய்தான் நிற்காது.

அந்த வாய் அவருக்கு இரண்டு மெமோ வாங்கிக் கொடுத்திருந்தது. மூன்றாவது புகார் வந்தால் வேலை இல்லை என்று மேனேஜர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். வயது ஐம்பத்தாறு. மைக்கில் மணி சொல்வதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அந்த நிலையில்தான் ஏழுமலை விவகாரம் நடந்தது. ஏழுமலை மாமல்லபுரம் வண்டியின் டிரைவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்று காலை அவர் வண்டி எட்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அஸ்தமனம் மைக்கைப் பிடித்தார்.

"மாமல்லபுரம் போற பயணிகள் கவனத்துக்கு. டிரைவர் ஏழுமலை வூட்ல பொண்டாட்டி மடில தூங்கிகினு கீறாரு. எழுந்ததும் வண்டி கிளம்பும்."

ஸ்டாண்டே சிரித்தது. அப்போதுதான் ஏழுமலை வாசல் வழியாக ஓடி வந்துகொண்டிருந்தார். எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தார். ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி போன பிறகு டீக்கடை மாஸ்டர் வந்து சொன்னார்: "அவன் பொண்டாட்டி நேத்துலருந்து ஆஸ்பத்திரில கீது அண்ணாத்த. வயித்துல ஆபரேஷனாம். கஞ்சி குடுத்துட்டு வர்றான்."

மாலை நாலரை மணிக்கு அஸ்தமனம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நாலு தடவை ஃபோன் செய்திருக்கிறார். ஏழுமலை பேச மாட்டேன் என்கிறார் என்று கண்டக்டர் சொல்லிவிட்டாராம். நாளை மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கப்போவதாகவும் தகவல்.

"நேர்ல போய்க் கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா வேலைக்குப் பயந்து கேக்கறேன்னு நெனைப்பான் சார். நாளைக்கி அவன் புகார் குடுத்த அப்பால கேக்கலாம்னா, சூரியன் நிக்காது. அதனால நீ ஒண்ணு பண்ணு. புகார நீயே எழுது. என் மேல. நான் கொண்டும்போயி அவன் கையெழுத்த வாங்கிக்கிறேன். அத பையில வச்சிகினு மன்னிப்பு கேட்டா யாருக்கும் சந்தேகம் வராது பாரு."

மூன்றாவது மெமோவைத் தானே வாங்கப் போகிறார் என்பதை நினைவுபடுத்தினேன். "தெரியும். நல்லா காரமா எழுது" என்றார். எழுதிப் படித்துக் காட்டினேன். எழுந்து நின்றுவிட்டார்.

"யார் சார் மிருகத்தனமா? முரட்டுத்தனமான்னு போடு! எழுதத் தெரியாம எதுக்கு ஆபீஸ் வச்சிகினு கீற?" உடனே கை பைக்குள் போனது, உதடு அசைந்தது. "மன்னிச்சிடு சார். இருக்கட்டும். மிருகத்தனமாவே இருக்கட்டும்."

அன்று அஸ்தமனம் ஆறு பதிமூன்று. என் பைக்கில் கிளம்பும்போது மணி ஐந்து. பின்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மீதி நேரத்தை அறிவித்துக்கொண்டே வந்தார். வழியில் குறுக்கே வந்த டிராக்டர்காரரைத் திட்டினார். நூறு அடி தள்ளி என்னை நிறுத்தச் சொல்லி, திரும்ப ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டை அடைந்தபோது ஆறு ஐந்து. ஏழுமலை வண்டியின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், சூரியனைக் காணோம். கிழக்கே கடல். மேற்கே ஒரு லாட்ஜின் மதில்சுவர் மறைத்துக்கொண்டு நின்றது. அஸ்தமனம் ஃபோனை நம்பவில்லை. வண்டியின் பின்புற ஏணியில் விறுவிறுவென்று ஏறினார்.

"கீது சார், இன்னும் கீது! டேய் ஏழுமலை, மேல வா!"

"எனக்கு உயரம்னா பயம்."

"கண்ண மூடிகினு வா!"

வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் போட்ட சத்தம் தாங்காமல் ஏழுமலை ஏறினார். நான் ஏணியின் பாதியில் நின்றேன். இரண்டு பேரும் பஸ் கூரையில், முகத்தில் மஞ்சள் வெயிலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண்மணி படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தா புகாரு. கையெழுத்து போடு."

ஏழுமலை முழுவதும் படித்தார். தயங்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டார்.

"இப்ப கேக்கறேன். உன் பொண்டாட்டியப் பத்தி நான் பேசினது பாவம். என்ன மன்னிச்சிடு. ரெண்டு நிமிஷம் கீது."

"முடியாது" என்றார் ஏழுமலை.



"உன் கோவம் காலைலயே போயிடுச்சி அண்ணாத்த. என்னுது இப்பதான் வந்துகினு கீது. அவ அங்க வலில கத்திகினு கீறா. நான் இங்க வண்டி ஓட்டறேன். ஊரே சிரிக்குது. நீ உன் சூரியனக் காட்டி ரெண்டு நிமிஷத்துல மன்னிக்கச் சொல்ற. எனக்கு டைம் குடுக்க நீ யாரு?"

அஸ்தமனத்தின் கை பைக்குள் போனது. உதடு அசைந்தது. நான் பார்த்த ஜெபங்களில் அதுதான் நீளமானது. அது முடிந்தபோது சூரியன் போய்விட்டிருந்தது.

"சரி ஏழுமலை" என்றார். "உன் நேரத்துக்கு வா. லேட்டு கெடையாது."

அந்த வாயிலிருந்து ஒரு டிரைவருக்கு அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பிறகு ஏழுமலையின் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை புகாரைத் தானே மேனேஜரின் மேசையில் வைத்தார். மூன்றாவது புகார் வந்தால் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்ததை மேனேஜராலும் மாற்ற முடியவில்லை. மதியமே அஸ்தமனம் வீட்டில் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரவில்லை. போய்ப் பார்த்தபோது காரணம் சொன்னார்: "நான் வந்து நின்னா அவன அவசரப்படுத்தற மாதிரி ஆயிடும் சார்."

ரோசம்மா என்னைத் தனியாக அழைத்தார். "மணியே பாக்கறதில்ல சார். காலைலயும் சாயங்காலமும் அந்தப் பொண்ணுக்காக ஜெபம் பண்ணிகினு கீறாரு. எனக்கே பேஜாரா கீது. ஒரு தடவ கத்துய்யான்னு கூட சொல்லிப் பாத்துட்டேன்."

மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் காலை நாஸ்தா நேரத்தில் ஏழுமலை அவர் வீட்டு வாசலில் நின்றார். மனைவி வீடு திரும்பி நாலு நாளாகியிருந்தது.

"அண்ணாத்த, இன்னிக்குப் பல்லு வெளக்கும்போது பாத்தேன். கோவம் இல்ல."

அஸ்தமனம் ஒரு தட்டு எடுத்து வைத்தாராம். இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டார்கள். அங்கிருந்து ஏழுமலை நேராக மேனேஜரிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றார். இவர் இல்லாத மூன்று வாரத்தில் எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று கம்பெனியில் யாருக்குமே தெரியாமல் போயிருந்ததால், மேனேஜர் அதிகம் யோசிக்காமல் இவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இப்போது மைக்கில் மணி மட்டும்தான் வருகிறது. கோபம் வருவது குறைந்திருக்கிறது. வந்தால் அன்றே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அவசரமில்ல, யோசிச்சி சொல்லு" என்று போய்விடுகிறார். மாடிக்கு அவர் வந்து பல மாதங்கள் ஆகின்றன. அவர் சத்தம் போடுகிற மாதிரி பேப்பரில் ஏதாவது தப்பாகப் போட்டுவிடலாமா என்று சில நாள் எனக்குத் தோன்றுவதுண்டு. எப்படியும் சாயங்காலம் ஒரு முறை படியேறி வருவார் அல்லவா.