காதுகுத்துக்கு வராத சம்பந்தியும் ஒரு வாத்துக்குஞ்சும்

செவ்வாய்க்கிழமை, காலை

தொண்டியில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி அய்யப்பன் அவர்கள் சமூகத்துக்கு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து உங்கள் சம்பந்தி வீரபத்திரன் இரு கை கூப்பி எழுதுவது. நான் நல்ல சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமென்று நம்புகிறேன். தங்கள் மகன் வீட்டுப் பேரனுக்குக் காது ஆறிவிட்டதா? ஈரக் கையால் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

போன வெள்ளிக்கிழமை நடந்த அந்தக் காதுகுத்துக்கு நான் வராததில் தங்களுக்குப் பெரிய வருத்தம் என்று, உங்கள் மாப்பிள்ளையும் என் மகனுமான நாகேந்திரன் போனில் சொன்னான். "மாமா ரொம்பக் கோவமா இருக்காக, அய்யா" என்றான். நியாயமான கோபம். உடம்பு சரியில்லை என்று நான் சொல்லியனுப்பியது பொய். உண்மையைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முப்பத்தொரு வருசம் பஸ் கண்டக்டராக டிக்கெட் கிழித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

தை அறுப்பு முடிந்ததும் வெளியூர் வாத்துக்காரர்கள் எங்கள் வயலில் பட்டியை மேயவிட்டார்கள். அவர்கள் அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போன பிறகு, வரப்போரத்தில் ஒரே ஒரு முட்டை கிடந்தது. என் வீட்டுக்காரி கனகலட்சுமி ஊரில் கிடையாது, மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். பொரித்துச் சாப்பிடலாம் என்று எடுத்து வந்தேன். அன்றைக்கென்று கேஸ் தீர்ந்துபோனது. அந்த நேரம் பக்கத்து வீட்டு சோலையம்மாள் அடைக்கோழிக்கு முட்டை வைத்துக்கொண்டிருந்தாள். "அதையும் குடுங்கண்ணே, எட்டோட ஒம்பதா கெடக்கட்டும்" என்று வாங்கி வைத்துவிட்டாள். இவ்வளவுதான் சம்பந்தி, நான் இதில் தெரிந்து செய்தது.

இருபத்தோராவது நாள் எட்டுக் கோழிக்குஞ்சும் வெளியே வந்தன. மறுநாள் கோழி எழுந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. என் முட்டை மட்டும் கூடையில் கிடந்தது. கோழிக்கு இருபத்தொண்ணு, வாத்துக்கு இருபத்தெட்டு நாள் என்கிற கணக்கு அந்தக் கோழிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "கூமுட்டைண்ணே, தூரப் போடுங்க" என்றாள் சோலையம்மாள். போடத்தான் கொண்டுபோனேன். என்னமோ தோன்றி, செல்போன் லைட்டை அடியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு. நடுவில் கறுப்பாக ஒரு நிழல். அந்த நிழல் சம்பந்தி, வெளிச்சம் கூசின மாதிரி அசைஞ்சுச்சு. ஒரு ஆம்லேட்டு அளவு இடத்துக்குள்ள ஒரு உசிரு உக்காந்துக்கிட்டு இருக்கு, அதை நான் குப்பையில போடப் போனேனே!

அதுக்கப்புறம் நானே கோழியாயிட்டேன். அட்டைப்பெட்டி, உமி, நாப்பது வாட்ஸ் குண்டு பல்பு, ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணி. ராமநாதபுரத்துல கால்நடை டாக்டரம்மா மதுமதிங்கிறவுக போன்ல சொல்லச் சொல்ல எல்லாம் செஞ்சேன். ஒரு நாளைக்கு நாலு தடவை முட்டையைப் புரட்டணும்னாக. அலாரம் வச்சுப் புரட்டுனேன். இருபத்தஞ்சாம் நாளு மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒம்பது மணிக்குக் கரண்டு போயிருச்சு, சாயந்தரம் அஞ்சுக்குத்தான் வரும். சூடு ஆறிட்டா எல்லாம் போச்சு. முட்டையைத் துண்டுல சுத்தி, அடிவயித்துல வச்சுக் கட்டி, மேல சட்டையைப் போட்டுக்கிட்டு, பிளாஸ்டிக் சேர்ல அசையாம உக்காந்துட்டேன்.

அப்பத்தான் உங்க தம்பி காளிதாஸ் தாம்பாளத்துல பாக்கு வெத்தலை, பத்திரிகையோட வந்து நிக்கிறாரு. நான் எந்திரிக்கல. எந்திரிச்சாக் கட்டு நழுவும். "வாங்க வாங்க"ன்னு உக்காந்தபடியே ஒத்தைக் கையால தாம்பாளத்தை வாங்குனேன். இன்னொரு கை வயித்துல. "என்ன மச்சான், வயித்து வலியா?"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். "எத்தனை நாளா?"ன்னாரு. நானும் யோசனையில்லாம "இருபத்தஞ்சு நாளா"ன்னுட்டேன். பாவம், மனுசன் முகம் செத்துப்போச்சு. பத்திரிகையை உக்காந்துக்கிட்டே வாங்குனான் திமிரு பிடிச்சவன்னு ஒங்க வீட்ல பேச்சு அடிபட்டதாக் கேள்வி. திமிரு இல்லை சம்பந்தி, உள்ள முட்டை.

இருபத்தேழாம் நாள் மத்தியானம் முட்டைக்குள்ளேயிருந்து சத்தம் கேட்டுச்சு. கீச்னு. நான் "ம்"ன்னேன். அது மறுபடியும் கீச்ன்னுச்சு. இன்னும் பொறக்கவே இல்லை, அதுக்குள்ள பதில் சொல்லுது! சாயந்தரம் ஓட்டுல ஒரு விரிசல். மறுநாள் வெள்ளிக்கிழமை, உங்க விசேசம். வெள்ளை வேட்டி கட்டி, மொய்க் கவரைப் பையில வச்சு, வாசல் வரைக்கும் வந்துட்டேன். கடைசியா ஒரு பார்வை பாத்துட்டுப் போவோம்னு பெட்டியைத் திறந்தா, விரிசல் ஓட்டையாயி, ஓட்டை வழியா மூக்கு நுனி தெரியுது. மூச்சு விடுது. சம்பந்தி, நீங்களா இருந்தாப் போவீகளா?

ரொம்பத் திணறுச்சு. ஒரு தள்ளு தள்ளும், அரை மணி நேரம் கிடக்கும். செத்துப்போச்சோன்னு எனக்கு உசிரு போயி உசிரு வரும். ஓட்டைக் கொஞ்சம் உரிச்சுவிடலாமான்னு விரலைக் கொண்டுபோனேன். சோலையம்மாள் கையைத் தட்டிவிட்டா. "தொடாதீங்கண்ணே, ரத்தம் கொட்டிரும். அதுவாத்தான் வரணும்." அங்கன உங்க பேரன் மாமன் மடியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்த நேரம், இங்கன நான் வெள்ளை வேட்டியோட தரையில குப்புறப் படுத்து ஒரு முட்டையைப் பாத்துக்கிட்டிருந்தேன். பதினொண்ணரை மணிக்கு அது சுத்திவர ஓட்டை ஒடைச்சு, காலால ஒரு உதை விட்டு வெளிய வந்து விழுந்துச்சு. நனைஞ்ச பழந்துணி மாதிரி இருந்துச்சு. தலையைத் தூக்க முடியல. தூக்கி, விழுந்து, தூக்கி, நேரா என் முகத்தைப் பாத்துச்சு.

கனகலட்சுமிக்குப் போன் போட்டு மூச்சுவிடாமச் சொன்னேன். அவ சொன்னா: "நம்ம பிள்ளைக மூணும் பிறந்தப்ப நீங்க டூட்டியில இருந்தீக. ஒண்ணுக்குக்கூடப் பக்கத்துல இல்லை." கோவமாச் சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல. ஆமா சம்பந்தி, மூணு தடவையும் யாரோ வந்து சேதி சொல்லித்தான் தெரியும். ஒரு உசிரு வெளிய வர இத்தனை பாடு இருக்குன்னு எனக்கு அறுபத்திமூணு வயசுலதான் தெரிஞ்சுச்சு.

மறுநாள் மஞ்சப் பஞ்சுருண்டை மாதிரி ஆயிருச்சு. வாத்துதானேன்னு பேசின்ல தண்ணி ஊத்தி விட்டேன். தாய் கூட இல்லாத குஞ்சுக்கு முடியில எண்ணெய்ப் பசை இருக்காதாம். தெப்பமா நனைஞ்சு, விறைச்சு, கண்ணு செருகிருச்சு. சட்டைக்குள்ள போட்டு நெஞ்சோட அணைச்சு, ஒரு மணி நேரம் வீட்டைச் சுத்திச் சுத்தி நடந்தேன். எந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்னு கேக்காதீக. கடைசியில என் பனியனுக்குள்ளேயே ஆய் இருந்து, தான் உசிரோட இருக்குறதைத் தெரிவிச்சுச்சு.

இப்ப நான் எங்க போனாலும் பின்னாலயே வருது. ரேசன் கடை வரிசையில எனக்குப் பின்னால நிக்குது. குளிக்கப் போய்க் கதவைச் சாத்துனா, தெருவே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்துது. கோழிக்குஞ்சுகளோட விட்டா அந்தக் கோழி கொத்தி விரட்டுது. தனியாத் தூங்காதுன்னு டாக்டரம்மா சொன்ன மாதிரி பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடி வச்சேன். அதுல தெரியிற குஞ்சு மேல சாஞ்சுக்கிட்டுத் தூங்குது. அதைப் பாத்துட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எவ்வளவு பாசமா வச்சாலும் நான் வாத்து இல்லை சம்பந்தி. நாளைக்கு அதை, இப்ப எங்க கண்மாயில வந்து கிடை போட்டிருக்கிற வேறொரு வாத்துக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். எழுநூறு வாத்து இருக்கிறது, இனத்தோடு சேரட்டும். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தொண்டி வந்து, நேரில் மன்னிப்புக் கேட்டு, தங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி வருவேன். இது உறுதி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தம்பி காளிதாஸிடம் என் வயிறு பூரண குணமென்று சொல்லவும். பேரன் சகல சௌபாக்கியமும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வீ. வீரபத்திரன்

பின்குறிப்பு: புதன்கிழமை சாயந்தரம். வெள்ளிக்கிழமை வர முடியாது. எப்போது வருவேன் என்றும் சொல்ல முடியாது. வாத்துக்காரர் குஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் குஞ்சைப் பெரிய வாத்துக நடுவுல விட்டா மிதிச்சே கொன்னுரும்யா. ரெண்டு மாசம் வளத்துக் கொண்டாங்க. ஆனா ஒத்தையில வளக்காதீங்க, ஏங்கிப்போகும்" என்று தன் கூடையிலிருந்து இன்னும் மூன்று குஞ்சுகளை எடுத்து என் துண்டில் போட்டுவிட்டார். நாலையும் பெட்டிக்குள் விட்டேன். என் குஞ்சு கொஞ்ச நேரம் மலைச்சுப்போய் நின்னுச்சு. பிறகு அதுக நடுவுல போய் உக்காந்து, கழுத்தை இன்னொண்ணு முதுகுல வச்சு, கண்ணை மூடிருச்சு. நான் எந்திரிச்சு வெளிய வந்தேன் சம்பந்தி. கத்தவே இல்லை. வாசல்ல ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். கூப்பிடவே இல்லை.