மிச்ச ஃபிலிம்

மட்டாஞ்சேரி,
விஜயதசமிக்கு மறுநாள்.

சித்திக்கு,

ஆமாம், வாங்கியாகிவிட்டது. "அந்த மெஷினை வாங்கிட்டாளா, என்னத்துக்காம்?" என்று தன்யாவை விட்டுக் கேட்டாயாம். முதல் பாதிக்கு இதுதான் பதில். இரண்டாம் பாதிக்கு இந்தக் கடிதம்.

நமஸ்காரத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்கிறேன். நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம், அதாவது நானும் அப்பாவும். இரண்டு பேரை எல்லோரும் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. அங்கே நீ, சித்தப்பா, தன்யா, உன் முழங்கால் எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டும். குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து நீ வெளியேறிவிட்டதால் தபாலில் வருகிறேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத வைத்தது அம்மா. பிழை இருந்தால் அவளைத் திட்டிக்கொள் என்று எழுத வந்தேன். பழக்கம்.

அன்றைக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அம்மா போய்ப் பதிமூன்றாம் நாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சுவரில் அம்மாவின் ஆதார் கார்டு படம், பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு. கடைக்காரர் காதோரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு தோட்டையும் அழித்துவிட்டிருந்தார். ஏதோ கேஸில் பிடிபட்டவள் போல அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அதைப் பார்த்தாய். அப்புறம் அப்பாவைப் பார்த்தாய்.

"நனைஞ்ச அரிசியெல்லாம் படம் பிடிச்சேளே அத்திம்பேரே, என் அக்காவை ஒரு தடவை பிடிச்சேளா?"

அப்பா எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. காப்பி ஆறிவிட்டது என்கிறார், மழை வரும் என்கிறார், கேஸ் சிலிண்டர் முடியப்போகிறது என்கிறார். அனந்தலக்ஷ்மி என்று ஒருத்தி இந்த வீட்டில் இருந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. நீயும் அம்மாவின் வருஷாப்தீகத்துக்கு வரப்போவதில்லையாம். தன்யா சொன்னாள். அதற்காகத்தான் மெஷின்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எனக்கும் ஆவணி மாதம் வரை தெரியாது. பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நெகட்டிவ் துண்டுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம். கொஞ்சம் ஸ்லைடுகளும். ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளை முடியும் கறுப்பு முகமுமாக ஒரு பெண், புடவையில். அப்பாவிடம் காட்டினேன். டின்னை வாங்கி மூடிவைத்தார். அப்புறம், "மிச்சம்" என்றார்.

கதையை அவர் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. துறைமுகத்தில் சேதமான சரக்கை இன்ஷூரன்ஸுக்காகப் படமெடுப்பதுதானே அவர் வேலை. நனைந்த அரிசி, உடைந்த பெட்டி, எலி கடித்த முந்திரி. ஃபிலிம் அவர் கம்பெனியுடையது. ரோல் முடியும்போது ஒன்றிரண்டு மிஞ்சும். மிஞ்சியதோடு கழுவக் கொடுத்தால் வீண்தானே என்று வீட்டுக்கு வந்து அம்மாவை வாசலில் நிறுத்தி எடுத்துவிடுவார். மறுநாள் கம்பெனி செலவில் கழுவி வரும். தன் துண்டை மட்டும் கத்தரித்துக்கொள்வார். பிரிண்ட் போடவில்லை. கம்பெனி கணக்கில் பெண்டாட்டியைப் பிரிண்ட் போடுவது தப்பு என்று நினைத்தாராம். கழுவியது தப்பில்லையா என்று கேட்டேன். "அது ரோலோட சேர்ந்து போறதாக்கும்" என்றார். ரிடையர் ஆனதும் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார். அவர் ரிடையர் ஆவதற்கு முன்னால் ஸ்டூடியோக்கள் ரிடையர் ஆகிவிட்டன.

ஆகவே இந்தப் படங்களை யாரும் பார்த்ததில்லை. அம்மா உட்பட.

கடையில் கொடுத்திருக்கலாமே என்பாய். எர்ணாகுளத்தில் ஒரு இடம் இருக்கிறது, சென்னைக்கு அனுப்பி எடுத்துத் தருவார்களாம். டின் அவ்வளவு தூரம் போவதற்கு அப்பா ஒப்பவில்லை. வீட்டிலேயே செய்வது என்று முடிவானது. இனி நடந்ததை மூச்சு விடாமல் சொல்கிறேன், நீயும் அப்படியே படி. முதலில் ஃபோனில் ஒரு ஆப் போட்டு, லேப்டாப்பின் வெள்ளைத் திரைமேல் நெகட்டிவை வைத்துப் பிடித்தேன், அம்மா கொசுவலைக்குள் நிற்பது போல வந்தாள், திரையின் புள்ளியெல்லாம் சேர்ந்து விழுந்துவிட்டது, உடனே சுள்ளிக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யூசுப் சேட்டனிடம் போனேன், "ஸ்கேனர் எல்லாம் ஒண்ணுதன்னெ மோளே" என்று பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த ஒன்றை ஆட்டோவில் ஏற்றிவிட்டார், அதில் நெகட்டிவை வைத்தால் முழுக் கறுப்பு, திருப்பி வைத்தேன், அதே கறுப்பு, அப்பாவுக்கோ அந்த மெஷின் மேல் பிரியம் வந்துவிட்டது, பென்ஷன் புத்தகம், கரண்ட் பில், தன் உள்ளங்கை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பார்த்தார், ஆயுள் ரேகை நன்றாக விழுந்திருக்கிறது என்று என்னிடம் காட்டவும் செய்தார், திருப்பிக் கொடுக்கப் போனால் யூசுப் சேட்டன் என்னைவிடத் துக்கப்பட்டு, தன் உம்மாவின் நெகட்டிவ் ஒன்று இருப்பதாகவும் சரியான மெஷின் கிடைத்தால் தனக்கும் சொல்லும்படியும் சொன்னார்.

பிறகு படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி. சாதா ஸ்கேனர் காகிதத்தின் மேல் வெளிச்சம் போட்டு, திரும்பி வருவதைப் பார்க்கிறது. நெகட்டிவிலிருந்து ஒன்றும் திரும்பி வராது. வெளிச்சம் அதன் வழியாக வர வேண்டும். அதற்கு மூடியிலும் ஒரு விளக்கு உள்ள மெஷின் வேண்டும். இதில் அம்மாவைப் பற்றியும் ஏதோ இருப்பதாகத் தோன்றியது. எம்.ஏ. படித்தால் இப்படித்தான் தோன்றும். விட்டுவிட்டேன்.

இடப்பள்ளி மாலில் கேட்டேன். விற்பனைப் பெண் நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இது எந்த ஃபோனுடையது என்றாள். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டியைக் காட்டினாள், ஸ்லைடும் நெகட்டிவும் மட்டும் எடுக்கும், சல்லிசு. ஆனால் அம்மாவின் கல்யாண ஆல்பமும் இருக்கிறது, அது அட்டையில் ஒட்டிய படங்கள். மூன்றையும் எடுப்பது மூடியில் விளக்கு வைத்த தட்டை ஸ்கேனர்தான். இணையத்தில் அதைப் பற்றி ஆட்கள் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் கூர்மை உண்மையில் வராது, பாதிகூட வராது என்று ஒரு கட்சி. உங்களுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை என்று இன்னொரு கட்சி. இத்தனை கூர்மை எதற்கு, எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

வரவழைத்தேன். துர்காஷ்டமியன்று வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் மெஷின் பூஜையறையில், புஸ்தகங்களுக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில், பட்டுத்துணி போர்த்தி. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது. உனக்குச் சொல்ல வேண்டாம். காத்திருந்தேன்.

நேற்று எடுத்துத் தொடங்கினேன். நெகட்டிவைப் பிடித்து வைக்க மெஷினோடு ஒரு சட்டம் வருகிறது. அது நீளத் துண்டுக்கானது. அப்பாவின் மிச்சம் அதில் நிற்காமல் நழுவியது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒரு சட்டம் செய்தேன். படம் வந்தது. அம்மா வந்தாள். மேலிருந்து கீழ் வரை, அம்மாவின் மேலேயே ஒரு சிவப்புக் கோடு. அடுத்த துண்டிலும் அதே இடத்தில். ஸ்லைடு வைத்தால் கோடு பச்சை. பூஞ்சை என்று நினைத்தேன். டின் மழையில் நனைந்திருக்கும் என்று நினைத்தேன். கோட்டை அப்பா பார்த்தார், அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டேன். கோடு அப்படியே இருந்தது.

இன்று காலை ஸ்கேனர் கண்ணாடியின் உச்சியைப் பார்த்தேன், நடுவில். சந்தனம், அதன்மேல் குங்குமம். அழகாக, வட்டமாக, உலர்ந்து. அந்த இடத்தில்தான் மெஷின் ஒவ்வொரு தடவையும் முதலில் தன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே கண்டதை வைத்துத்தான் கீழே உள்ளதையெல்லாம் திருத்துகிறது. அப்பாவிடம் கேட்டேன். பொட்டை மூடியின் மேல் வைக்கக் கூடாதா?

"மூடி தொப்பியாக்கும். தொப்பிக்கு யாராவது பொட்டு வைப்பாளா? நெத்தியைத் தேடிப் பிடிச்சு வைச்சேன்."

துடைத்தேன். கோடு போய்விட்டது.

மதியத்துக்குள் டின்னில் பாதியை எடுத்துவிட்டேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையாக நிற்கிறாள். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். ஆனால் கட்டங்களே போதும், சித்தி. மாம்பழக் கலர்ப் புடவை. ஆரஞ்சு. நீ கொடுத்த மயில்கழுத்து. வருஷா வருஷம். கையில் குடையோ என்னவோ. ரோல் முடியப்போகிற நாளில் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், எதிலும் சமையல்கட்டுப் புடவை இல்லை. அவர் எடுத்திருக்கிறார். நீ கேட்டது தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். நீ வருஷாப்தீகத்துக்கு வா. ஆதார் படத்துக்குப் பதில் எதை மாட்டலாம் என்று நீயே பார்த்துச் சொல். அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அத்திம்பேரே என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

சித்தப்பாவுக்கு என் நமஸ்காரம். தன்யாவுக்கு ஆசீர்வாதம், அவள் என்னைவிட மூத்தவளானாலும். உன் முழங்காலுக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
உன் அக்கா பெண்,
மாளவிகா

பி.கு. ஒட்டுவதற்கு முன் அப்பா வந்துவிட்டார். மேலே எழுதியதை அடிக்கவில்லை, ஆனால் அதை நம்பாதே. பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அம்மா வாசலில், நேராக, தலை முதல் கால் வரை, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது. ஒன்றில் முன்பக்கம், ஒன்றில் இடப்பக்கம். கையில் இருப்பது குடை இல்லை, அடிக்கோல். மூட்டையின் உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் வைப்பாரே, அது. முகம் ஒரு மிளகு அளவு. இன்னும் பெரிதாக்கினேன். மூக்கு, கண் எல்லாம் மணல் போலப் பிரிந்துவிட்டன. வேறு மெஷின் வாங்கினாலும் இவ்வளவுதான், ஃபிலிமிலேயே இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "சேதம் முழுசும் தெரியணும்னா தள்ளி நிக்கணும். தள்ளி நின்னு நின்னு அதே கைப்பழக்கமாயிடுத்து" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அனந்தத்துக்கிட்ட ஒரு தடவை கிட்டப் போயிருக்கலாம். சுபா கேட்டது செரிதான். அப்படியே எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அம்மா பெயர். நீ வருவதும் வராததும் இனி உன் இஷ்டம்.

அவர் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, கிட்டப் போய், அவர் முகத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்தேன்.