தாடிக்காரரும் வெள்ளை பெயின்ட்டும்

நாணயத்தில் இருக்கும் தாடிக்காரர் யார் என்று தெரியும்வரை பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தார் காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. சமையலறைக் கூரைக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் டப்பா அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

"தெரிஞ்சதும்?" என்றாள் மனைவி.

"அன்னைக்கே அடிச்சிடறேன். சத்தியம்."

நாணயம் அவளுடைய பொத்தான் டப்பாவின் அடியில் கிடைத்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளி. ரோமானியக் காசு என்பதுவரை புரிந்துவிட்டது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய தலை. மறுபக்கம் இறக்கை முளைத்த ஒருத்தி எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாதி தேய்ந்த எழுத்துகள்.

சாப்பாட்டு மேஜை லென்ஸுக்கும் நூலகப் புத்தகங்களுக்கும் சொந்தமானது. தட்டு மடிக்கு வந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்து நிழலாக எழும்பும் என்று கண்டுகொண்ட செவ்வாய்க்கிழமை, அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரத்து எண்ணூறு வருஷம் வாய் மூடியிருந்த ஆள் அவரிடம் மட்டும் பெயரைச் சொல்லிவிட்டார். துள்ளி எழுந்தார். பெயின்ட் டப்பா கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"ம்ஹூம். தாடி ரொம்பத் தேஞ்சு போச்சு."

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவர் பரம்பரையிலேயே இல்லை. அலுவலக லிஃப்டில் தனியாக இருந்தபோது ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மனைவிக்குத் தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் வேலை. யார் எதை மென்று விழுங்குகிறார்கள் என்பது மூச்சிலேயே தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை அவருக்கு நாளிதழில் நடுத்தாள் மட்டும் கிடைத்தது. மற்றது எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் மனைவி நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, ரோமாபுரிக் காசுதான். யாரா? ஜூலியஸ் சீசர்."

நடுத்தாள் ஆடியது.

"தாடியா? சண்டைக்குப் போன இடத்துல ஷேவ் பண்ண நேரம் இருந்திருக்காதுக்கா."

நடுத்தாள் கசங்கியது.

"பின்னாடி ஒரு பொம்பளை. கிளியோபாட்ராதான், வேற யாரு. றெக்கையா? சும்மா அழகுக்கு வச்சிருப்பாங்க."

"போனைக் குடு இப்படி." பிடுங்கினார். "அண்ணி, இவ சொல்றதை நம்பாதீங்க. சீசருக்கு ஏது தாடி? இது செப்டிமியஸ் செவெரஸ் சக்கரவர்த்தி. தாடி நுனி சுருள் சுருளாப் பிரியுது, அதுதான் அடையாளம். பேருக்குப் பின்னால பயஸ்னு பட்டம் இருக்கு. அது கி.பி. இருநூத்தி ஒண்ணாம் வருஷத்துக்கு மேலதான் வரும். றெக்கை வச்சவ வெற்றி தேவதை. கிளியோபாட்ரா செத்து அப்பவே இருநூறு வருஷம் தாண்டிடுச்சு. இதெல்லாம் செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் அண்ணி."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"அண்ணி? கேக்குதா?"

"அக்காவுக்குக் கேக்காதுங்க," என்றாள் மனைவி. "அதுல சார்ஜ் தீர்ந்து அரைமணி நேரம் ஆச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

அவர் மெல்லச் சமையலறையை எட்டிப் பார்த்தார். நாளிதழின் மற்ற பக்கங்கள் அங்கே தரையில் விரிந்து கிடந்தன, ஏணிக்கு அடியில்.